முகம் தெரியாதவன் தாக்க வந்தால் திருப்பி அடித்து அவன் செத்துவிட்டால், சட்டம் என்ன சொல்கிறது?

ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஒருவன் பால்கனி ஏறி வீட்டுக்குள் குதிக்கிறான், கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கிறோம், அவன் செத்துவிடுகிறான். நமக்கு ஜெயிலா, விடுதலையா? பெங்களூரில் ஏதாவது ஏரியாவில் திருட்டு நடந்த செய்தி வந்தால் போதும், அன்றைக்கு நம் தமிழ் ஆட்கள் கூடுகிற இடமெல்லாம் இந்தக் கேள்விதான் ஓடும். பதிலாக இரண்டு சொல்வார்கள். ஒன்று, "வீட்டுக்குள்ள வந்துட்டான்னா என்ன வேணா செய்யலாம், கேஸே நிக்காது." இன்னொன்று, "கையை வெச்சா நம்ம மேலதான் கேஸ் வரும், பேசாம அடி வாங்கிக்க." இரண்டுமே தப்பு. முதலாவதை நம்பினால் கொலை வழக்கில் உள்ளே போக வேண்டி வரும். இரண்டாவதை நம்பினால் உயிரே போகலாம், குறிப்பாகப் பெண்களுக்கு.

முதல் பதில் பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்களிலிருந்து வருகிறது. அங்கே சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃபுளோரிடா 2005இல் கொண்டுவந்த சட்டத்தைப் போல, தப்பித்துப் போக வழி இருந்தாலும் நின்று எதிர்க்கலாம் என்று சொல்கிற மாநிலங்கள் நிறைய உண்டு. அதைப் பார்த்துவிட்டு ஓசூர் ரோட்டில் நடப்பதைத் தீர்மானிக்க முடியாது. நமக்கு நம் சட்டம் இருக்கிறது, அது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் தற்காப்பு உரிமை பற்றிய விதிகள் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்., வந்துவிட்டது. அதில் 34 முதல் 44 வரை பாருங்கள். எண்கள் மாறினவே தவிர உள்ளடக்கம் பெரும்பாலும் பழையதுதான். 34ஆம் பிரிவு ஒரே வரி: தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்யும் எதுவும் குற்றமல்ல. தண்டனையைக் குறைப்பார்கள், மன்னித்து விடுவார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. குற்றமே நடக்கவில்லை என்று பொருள். அடுத்த பிரிவு, இந்த உரிமை உங்கள் உடம்புக்கு மட்டுமல்ல, இன்னொருவர் உடம்பைக் காப்பாற்றவும் உண்டு என்கிறது. அந்த இன்னொருவர் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் முன்பின் தெரியாத பெண்ணை ஒருவன் கத்தியால் குத்த வந்தால் அவளைக் காப்பாற்றும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

ஆனால் தற்காப்பு உரிமை இருப்பது வேறு, அது உயிரை எடுக்கும் அளவுக்குப் போவது வேறு. எந்தெந்தத் தாக்குதலுக்கு அந்த அளவு போகலாம் என்று 38ஆம் பிரிவு ஏழு வகை சொல்கிறது. செத்துவிடுவோம் என்ற நியாயமான அச்சம் தரும் தாக்குதல், கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் தரும் தாக்குதல், பாலியல் வன்புணர்வு நோக்கம், இயற்கைக்கு மாறான பாலியல் நோக்கம், ஆளைக் கடத்தும் நோக்கம், போலீஸை அணுகவே முடியாது என்று அஞ்சும்படியான நிலையில் அடைத்துவைக்கும் நோக்கம், ஆசிட் வீச்சு. கடைசியில் உள்ள ஆசிட், 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு 2013இல் செய்த சட்டத் திருத்தத்தில் சேர்ந்தது. கொடுங்காயம் என்றவுடன் ரத்த வெள்ளத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எலும்பு முறிவு, பல் உடைவது, கண் பார்வை போவது, 15 நாள் கடும் வலியில் படுத்துக்கிடப்பது, எல்லாமே சட்டத்தின் கணக்கில் கொடுங்காயம்தான்.

மாரத்தஹள்ளியில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வண்டி ஏறும் பெண்கள், அடைத்துவைக்கும் நோக்கம் என்ற அந்த ஆறாவது வகையைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஓட்டுநர் வேறு வழியில் போகிறார் என்பது மட்டும் போதாது, டிராஃபிக்குக்குப் பயந்து சந்துக்குள் நுழையாத ஓட்டுநர் இந்த ஊரில் இல்லை. ஆனால் வண்டியை நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல், கதவைப் பூட்டி, போனைப் பிடுங்கிக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் ஓட்டுகிறான் என்றால் சட்டம் உங்களைக் காத்திரு என்று சொல்லவில்லை. அவன் கை உங்கள் மேல் படும்வரை பொறுக்க வேண்டிய அவசியமே கிடையாது.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: சட்டம் பார்ப்பது அந்தக் கணத்தை. அந்தக் கணத்தில், உங்கள் இடத்தில் நின்ற சாதாரண ஆள் எவருக்கும் உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து என்ற அச்சம் வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் உரிமை பிறந்துவிட்டது, அந்த அச்சம் நீடிக்கும்வரை உரிமையும் நீடிக்கும். 40ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. அவன் குற்றத்தைச் செய்து முடித்திருக்க வேண்டியதில்லை, முயற்சியோ மிரட்டலோ போதும்.

தேவ் நாராயண் என்பவர் மீதான வழக்கில் எதிர்த்தரப்பு வைத்திருந்தது லத்தி, அவர் பயன்படுத்தியது ஈட்டி. இவருக்குத் தலையில் பட்ட காயமும் மேலோட்டமானது என்று சொல்லி உயர் நீதிமன்றம் தற்காப்பை ஏற்கவில்லை. சுப்ரீம் கோர்ட் 1970களின் தொடக்கத்தில் அதை மாற்றியது. தலையில் விழும் லத்தி அடி ஆளையே கொன்றுவிடலாம், அடுத்த அடி எப்படி விழும் என்று யாருக்குத் தெரியும் என்பது அதன் பார்வை. எனவே "அவன்கிட்ட கட்டைதானே இருந்தது, உன்கிட்ட கத்தி இருந்ததே" என்ற ஒரே கேள்வியில் வழக்கு முடிந்துவிடாது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அம்ஜத் கான் வழக்கு. 1950 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் கட்னியில் கலவரம். கூட்டம் பக்கத்திலிருந்த அவருடைய அண்ணன் தம்பி கடைக்குள் உடைத்துக்கொண்டு புகுந்து சூறையாடியது, பிறகு இவருடைய கடைக் கதவைத் தடிகளால் அடித்தது. இவர் துப்பாக்கியால் இரண்டு முறை சுட்டார், ஒருவர் இறந்தார். கீழ் நீதிமன்றங்கள் தண்டனை கொடுத்தன, 1952இல் சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்தது. கதவு உடைந்து கூட்டம் உள்ளே வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை, அந்த நிலைமையில் இருந்தவன் செய்ததைத் தங்கம் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்றது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரில் இருந்த நம் பெரியவர்களிடம் கேளுங்கள், மூடிய ஷட்டருக்கு வெளியே கூட்டம் நிற்பது எப்படிப்பட்ட அச்சம் என்று சொல்வார்கள். அந்த அச்சத்தைச் சட்டம் புரிந்துகொள்கிறது. கூட்டத்தில் அப்பாவிகள் கலந்திருந்து, அவர்களுக்கும் அடிபடும் ஆபத்தைத் தவிர்க்கவே முடியாமல் போனால்கூட, உயிரைக் காக்கச் செய்தது குற்றமாகாது என்று 44ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது.

ஆனால் அச்சத்துக்கு முன்னால் "நியாயமான" என்ற நிபந்தனை இருக்கிறது. அதற்கு நம் ஊரிலேயே கொடூரமான உதாரணம் உண்டு. 2018 மே மாதம் சாமராஜப்பேட்டையில், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த இளைஞர் ஒருவரை, பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸாப் வதந்தியை நம்பிக் கூட்டம் அடித்தே கொன்றது. கடத்தல்காரனைத் தடுக்கத்தானே அடித்தோம், கடத்தல் அந்த ஏழு வகையில் இருக்கிறதே என்று யாரும் வாதாட முடியாது. அவர் எந்தக் குழந்தையையும் தூக்கவில்லை, தூக்க முயலவும் இல்லை. அந்நியனாகத் தெரிந்தார், அவ்வளவுதான். போனில் வந்த வதந்தி நியாயமான அச்சம் ஆகாது. சட்டத்தில் எங்கேயும் அந்நியன் என்ற சொல்லுக்குத் தனி இடம் கிடையாது. ஆள் தெரிந்தவனா தெரியாதவனா, எந்த ஊர்க்காரன், எந்த மொழி பேசுகிறான் என்று சட்டம் கேட்பதில்லை, அவன் அந்த நேரத்தில் என்ன செய்தான் என்றுதான் கேட்கிறது. இந்த ஊரில் நாமே ஒருகாலத்தில் அந்நியராகப் பார்க்கப்பட்டவர்கள் என்பதால் இதைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன்.

சரி, உரிமை எப்போது முடிகிறது? ஆபத்து முடிந்த அதே நொடியில். பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஜெய் தேவ் வழக்கில், நிலத் தகராறில் திரண்டு வந்த எதிர்த்தரப்பினர் திரும்பி ஓட ஆரம்பித்துவிட்டார்கள். தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டதற்குத் தற்காப்பு என்ற பேச்சே கிடையாது என்று 1960களில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து அடித்துக் கொல்வது, கீழே விழுந்து மயங்கிக் கிடப்பவனை இன்னும் நாலு போடு போடுவது, கட்டிப்போட்ட திருடனைத் தெருவே சேர்ந்து அடிப்பது, இதெல்லாம் கோபம் அல்லது பழிவாங்கல். முதல் அடிக்கு முழுப் பாதுகாப்பும், அதே ஆளின் மேல் விழுந்த ஐந்தாவது அடிக்குக் கொலை வழக்கும் வரலாம்.

சங்கிலி பறிப்பை எடுத்துக்கொள்வோம், அடிக்கடி நடப்பது. பைக்கில் வந்து பறித்துக்கொண்டு பறக்கிறவன்மேல் பி.என்.எஸ். 304ஆம் பிரிவில் வழக்கு வரும், அதிகபட்சம் 3 ஆண்டு. அவனைத் தடுக்கலாம், பிடிக்கலாம், பொருளை மீட்கத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம், கொல்ல உரிமை இல்லை. அதே ஆள் கத்தியைக் கழுத்தில் வைத்து சங்கிலியைக் கழற்று என்றால் அது வழிப்பறிக் கொள்ளை, கூடவே உயிருக்கும் ஆபத்து. அப்போது நிலைமை முற்றிலும் வேறு.

இதுவரை உடம்பைப் பற்றிப் பேசினோம். சொத்தைக் காக்க உயிரை எடுக்கலாம் என்று 41ஆம் பிரிவு சொல்வது கொஞ்சம் இடங்களில்தான்: கொள்ளை, சூரியன் மறைந்த பிறகு உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவது, வீட்டுக்கோ பொருள் வைக்கும் கட்டடத்துக்கோ தீ அல்லது வெடி வைப்பது, அப்புறம் மரணமோ கொடுங்காயமோ வரும் என்று அஞ்சும்படியான சூழலில் நடக்கும் திருட்டு, நாசவேலை, வீட்டில் அத்துமீறி நுழைதல். உடைத்து நுழைவது என்றால் பூட்டை நெம்புவது மட்டுமல்ல, சுவர் ஏறிக் குதிப்பதும் ஆள் நுழையாத வழியில் நுழைவதும் சேர்த்திதான். ஆக, முதலில் கேட்ட பால்கனி ஆசாமி இந்த வகைக்குள் வருகிறான். அப்படியானால் அடித்துக் கொல்லலாம்தானே என்றால், அவசரப்பட வேண்டாம். 41ஆம் பிரிவு தொடங்கும்போதே 37ஆம் பிரிவின் வரம்புகளுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. அந்த வரம்புகளில் இங்கே முக்கியமானவை இரண்டு: காப்பாற்றிக்கொள்ளத் தேவையானதைவிட அதிகக் கேடு செய்யக் கூடாது, போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே இல்லை. இருட்டில் உங்களை நோக்கி வருகிறவனை அடிப்பதும், விளக்கைப் போட்டதும் கையைத் தூக்கி நிற்கும் பதினாறு வயதுப் பையனை அடித்துக் கொல்வதும் ஒன்றாகாது. காலியாகக் கிடக்கும் மாடி அறையில் எவனோ இருக்கிறான், நீங்கள் குடும்பத்தோடு கீழே கதவைப் பூட்டிக்கொண்டு பாதுகாப்பாக இருக்கிறீர்கள், போன் கையில் இருக்கிறது என்றால் செய்ய வேண்டியது 112ஐ அழைப்பது, அரிவாளோடு மேலே ஏறுவது அல்ல.

அதற்காக எப்போதும் ஓடித்தான் தப்ப வேண்டும் என்றும் நம் நீதிமன்றங்கள் சொல்லவில்லை. தாக்குதலுக்கு ஆளாகும் குடிமகன் கோழையைப் போல நடந்துகொள்ளத் தேவையில்லை என்று பல தீர்ப்புகளில் வருகிறது. அவகாசம் இருந்ததா என்பதுதான் கேள்வி. கத்தி இரண்டடி தூரத்தில் இருக்கும்போது எந்தப் போலீஸும் வந்து சேராது, நீதிபதிகளுக்கும் அது தெரியும்.

காம்பவுண்டு சுவரில் திருடனுக்காகக் கரண்ட் கம்பி வைக்கும் யோசனை சிலருக்கு வரும், தயவுசெய்து வேண்டாம். பீகாரைச் சேர்ந்த ஒருவர் தன் கழிப்பறைக்குப் போகும் வழியில் அந்நியர் வரக் கூடாது என்று மின்சாரம் பாயும் வெற்றுக் கம்பியைக் கட்டினார், அத்துமீறி வந்த பெண் ஒருவர் தொட்டு இறந்தார். செருபின் கிரெகரி வழக்கு என்று சட்டம் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். தற்காப்பு என்ற வாதத்தை சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை, தண்டனை உறுதியானது. கம்பிக்கு வருகிறவன் கொலைகாரனா, பந்து எடுக்க வந்த குழந்தையா என்று தெரியாது.

இன்னும் சில சின்ன விஷயங்கள் இருக்கின்றன. தாக்குகிறவன் குடிபோதையில் இருந்தாலும் மனநலம் பாதிக்கப்பட்டிருந்தாலும், அவனுக்குத் தண்டனை வராமல் போகலாம், உங்கள் தற்காப்பு உரிமை குறையாது. நீங்களே வம்பை ஆரம்பித்து, அவன் திருப்பி அடிக்க வந்ததும் தற்காப்பு என்று சொல்ல முடியாது. டிராஃபிக்கில் வண்டி உரசி இரண்டு பேரும் இறங்கி வந்து மோதினால் பொதுவாக இருவருக்குமே அந்த உரிமை கிடையாது. மஃப்டியில் வருகிறவர் போலீஸ் என்று உங்களுக்குத் தெரியாமலும், தெரிந்துகொள்ளக் காரணம் இல்லாமலும் இருந்தால் உங்கள் உரிமை போகாது. தெரிந்த பிறகு, அவர் நல்லெண்ணத்தோடு கடமையைச் செய்யும்போது, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்சக் காரணம் இல்லாதபோது, எதிர்த்து அடிக்கக் கூடாது. பெப்பர் ஸ்பிரே கைப்பையில் இருக்கட்டும், நல்லது, ஆனால் அதையும் வாய்த் தகராறில் எடுக்காதீர்கள். 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு தகராறில் பெப்பர் ஸ்பிரே அடித்தவர்கள் மீதான வழக்கை ரத்து செய்ய மறுத்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத இடத்தில் தற்காப்பு என்று சொல்ல முடியாது என்பதுதான் அங்கேயும் காரணம்.

எல்லையைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும்? உண்மையிலேயே தற்காப்புக்காகத்தான் ஆரம்பித்தார், முன்கூட்டித் திட்டமிடவில்லை, நல்லெண்ணத்தில் செய்தார், ஆனால் தேவைக்கு மேல் போய்விட்டார் என்று நீதிமன்றம் கண்டால், அது கொலை ஆகாது, கொலைக்குக் குறைவான மரணம் விளைவித்த குற்றமாகும். கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள். இதற்கு பி.என்.எஸ். 105ஆம் பிரிவில், கொல்லும் நோக்கத்தோடு செய்திருந்தால் ஆயுள் அல்லது 5 முதல் 10 ஆண்டு, நோக்கம் இல்லாமல் சாகக்கூடும் என்று மட்டும் தெரிந்து செய்திருந்தால் 10 ஆண்டு வரை.

இனி யாரும் முதலிலேயே சொல்லாத ஒரு விஷயம். உங்கள் பக்கம் முழு நியாயம் இருந்தாலும், ஒரு ஆள் செத்திருந்தால் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். பதிவாகும், விசாரணை நடக்கும், கைதும் நடக்கலாம். விலக்கு உண்டு. 2012இல் மதுரையில், மகளைக் காப்பாற்றக் கணவனை கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை, அன்றைய எஸ்.பி. அஸ்ரா கர்க் தற்காப்புப் பிரிவைச் சொல்லி விடுவித்தார். 2021 ஜனவரியில் சோழவரத்தில் கத்தி முனையில் பலாத்காரத்துக்கு முயன்றவனை, அவன் கத்தியாலேயே குத்திக் கொன்ற 19 வயதுப் பெண்ணையும் போலீஸ் அதே பிரிவில் விடுவித்தது. இரண்டு இடத்திலும் தாக்கியவன் தெரிந்தவன்தான், சட்டம் அதையும் பார்க்கவில்லை. ஆனால் இவை போலீஸ் நிலையிலேயே முடிந்த அபூர்வங்கள். யஷ்வந்த் ராவ் வழக்கில், தன் மகளைப் பலாத்காரம் செய்தவனை அந்த இடத்திலேயே அடித்துக் கொன்ற தந்தைக்கு விடுதலை கிடைக்க சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது.

தற்காப்புதான் என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது, ஆனால் சுமை அவ்வளவு பெரிதல்ல. அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், நீங்கள் அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். நீங்களாகத் தற்காப்பு என்று சொல்லாவிட்டாலும், சாட்சியங்களில் அது தெரிந்தால் நீதிமன்றம் கவனிக்கும். டெல்லியில் நடந்த முன்ஷி ராம் வழக்கில் 1960களிலேயே இப்படி விடுதலை கிடைத்திருக்கிறது. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் இந்த விதிகளையெல்லாம் பத்து அம்சங்களாக சுப்ரீம் கோர்ட் தொகுத்துக் கொடுத்திருக்கிறது, வக்கீல்கள் இன்றைக்கும் முதலில் எடுப்பது அதைத்தான்.

அதனால் சம்பவத்துக்குப் பிறகு நீங்கள் செய்வது ரொம்ப முக்கியம். ஓடாதீர்கள், ஓடினால் குற்றவாளி மாதிரி தெரியும். 112ஐ நீங்களே முதலில் அழையுங்கள், அடிபட்டவன் உயிரோடு இருந்தால் 108ஐயும். அவன் கொண்டுவந்த கத்தியையோ கம்பியையோ தொடாதீர்கள், ரத்தத்தைக் கழுவாதீர்கள், உடைந்த ஜன்னலை மறுநாள் சரிசெய்யலாம். உங்கள் உடம்பில் இருக்கும் கீறல்கூட அரசு மருத்துவமனையில் எம்.எல்.சி.யாக, அதாவது சட்ட வழக்கு சம்பந்தப்பட்ட மருத்துவப் பதிவாக, எழுதப்பட வேண்டும், ஒரு வாரம் கழித்துக் காயம் ஆறிவிட்டால் உங்களைத் தாக்கினான் என்பதற்கு எது சாட்சி? அப்பார்ட்மென்ட் சிசிடிவி பதிவுகள் கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும், அன்றைக்கே எழுதிக் கேட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வக்கீலோடு பேசும் உரிமை அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவிலேயே இருக்கிறது, கையில் காசு இல்லாவிட்டால் சட்ட உதவி எண் 15100. இங்கே ஸ்டேஷனில் வாக்குமூலத்தைப் பெரும்பாலும் கன்னடத்தில்தான் எழுதுவார்கள். பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம் ஆட்கள் நிறையப் பேர், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே தலையாட்டிவிட்டு வருகிறார்கள். "அவன் கத்தியோடு வந்தான், நான் தடுத்தேன்" என்று நீங்கள் சொன்னது "இருவருக்கும் சண்டை நடந்தது" என்று எழுதப்பட்டால் வழக்கின் தலையெழுத்தே மாறிவிடும். வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், தப்பு இருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள், கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.